வாய்க்கால் நத்தையும் மாட்டின் ஈரலும்

பாண்டிருப்பிலிருந்து மேற்கே போனால் வயலும் வாய்க்காலுந்தான். இடம்பெயர்ந்து வந்து, கிடைத்த இடத்தில் ஓரிரு மாடு கட்டியிருக்கும் குடும்பங்களுக்கு நீரோரப் புல்லே கைகொடுக்கிறது. ஈரற்புழு வருவதும் அந்தப் புல்லில்தான்.

நோயுள்ள மாட்டின் சாணத்தோடு புழுவின் முட்டை நீரில் சேருகிறது. பொரித்த குஞ்சு ஒரு சிறு நத்தைக்குள் புகுந்து பலவாகப் பெருகி, வெளியேறிப் புல்லில் ஒட்டிக்கொள்கிறது. அதைத் தின்னும் மாடு மெலியும், பால் குறையும், தாடைக்குக் கீழே வீங்கும்.

நத்தை இல்லையேல் இந்தப் புழு பெருக முடியாது. நத்தையைச் செடியால் கொல்லலாம் என்று எடுத்துக்காட்டியவர் எத்தியோப்பிய ஆய்வாளர் அக்லிலு லெம்மா. அந்நாட்டில் நத்தைகள் பில்ஹார்சியா என்னும் நோயை மனிதருக்கே பரப்புகின்றன. 1964இல் அட்வா நகரில், பெண்கள் எண்டோட் காயால் உடுப்புத் துவைக்கும் இடத்துக்குக் கீழே நத்தைகள் செத்துக் கிடப்பதை அவர் கண்டார். சவர்க்காரம்போல் நுரைக்கும் காய் அது; நமது பூவந்தியும் அவ்வாறே நுரைப்பது. நுரைக்கச் செய்யும் சபோனின் என்ற பொருளே நத்தையைக் கொல்கிறது. துவைத்த பெண்கள் காட்டிய வழி என்றுதான் நாம் இதைச் சொல்வோம். இந்தியாவில் கோரக்பூர் பல்கலைக்கழகத்தார் வேம்பு, உள்ளி, கள்ளிப்பால் ஆகியவற்றை ஈரற்புழு நத்தையிலேயே சோதித்துள்ளனர்.

ஆனால் அவசரப்பட்டு வாய்க்காலில் கொட்டிவிடாதீர்கள். சபோனின் மீனையும் கொல்லும். நத்தைக்கும் மீனுக்கும் ஒரே குளந்தானே! கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதைத் தொடவே வேண்டாம்.

முதலில் ஒரு வாளியில் பாருங்கள். வாய்க்கால் நீரில் பத்து நத்தைகளை விட்டு, அரைத்து ஊறவைத்த பூவந்திச் சாற்றைச் சிறிது ஊற்றி மூடுங்கள். மூடாவிட்டால் அவை ஏறி வெளியே வந்துவிடும். மறுநாள் அசையாத நத்தைகளை நல்ல நீரில் இன்னொரு நாள் வையுங்கள். ஓட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்தவை மீண்டும் ஊரத் தொடங்கும். அவற்றைச் செத்த கணக்கில் சேர்க்கக் கூடாது. பலன் தெரிந்தாலும் மீனில்லாத, கிணற்றுக்குத் தூரமான தேங்குநீரில் மட்டுமே பாவியுங்கள். இரண்டு மூன்று நாட்களுக்கு மாட்டை அங்கே விடாதீர்கள். சாறு முட்டைகளை எளிதில் கொல்லாது. குஞ்சுகள் வெளிவந்ததும் மறுபடி ஊற்றவேண்டும்.

பூவந்தி கிடைக்காதவர்கள், நீர்மட்டத்துக்கு மேலுள்ள புல்லை மட்டும் அறுத்து, நன்றாக வெயிலில் காயவைத்துப் போடுங்கள். வைக்கோலிலும் அடித்தண்டை விட்டு மேற்பகுதியை எடுங்கள். வாத்து வளர்ப்போர் அவற்றை வாய்க்காலில் இறக்கிவிட்டால் நத்தை குறையும்.

தாடை வீங்கிய மாட்டுக்குச் செடிச்சாறு மருந்தாகாது. அதை மிருக வைத்தியரிடம் காட்டிப் புழுமருந்து கொடுங்கள்.