விரல் விறைத்தால் கொள்ளு ரசமா?

காலையில் காப்பி டம்ளரைப் பிடிக்க முடியாமல் விரல்கள் விறைத்துக்கொள்கின்றனவா? கணுக்கள் வீங்கிச் சுடுகின்றனவா? 'வயதாகிவிட்டது' என்று சும்மா இருந்துவிடாதீர்கள். முடக்குவாதம் முப்பது வயதிலும் வரும். பெண்களைத்தான் அதிகம் பிடிக்கிறது.

ஆயுர்வேதத்தில் இதற்கு நெருங்கிய நோய் 'ஆமவாதம்'. செரிக்காத ஆகாரத்தின் கசடு மூட்டில் தங்குவதாக அதன் கணக்கு. ஆகவே பத்தியம் கடுமை. தயிர், வெல்லம், மீன், உளுந்து மாவுப் பண்டம் எதுவும் ஆகாது. (இட்லி இல்லாமல் பொழுது விடியாத வீட்டில் இதை யார் சொல்வது?) பகல் தூக்கமும் கூடாது. வெந்நீர், சுக்கு, கொள்ளு ரசம் நல்லது. கொங்குநாட்டுச் சமையலறைக்குக் கொள்ளு புதிதா, என்ன?

கோயமுத்தூரில் 1943-ல் பி. வி. ராமவாரியர் ஆரிய வைத்திய பார்மஸியைத் தொடங்கினார். அந்த வழிவந்த வைத்தியர்களும் அமெரிக்க டாக்டர்களும் சேர்ந்து, 43 நோயாளிகளுக்கு 36 வாரம் சிகிச்சை செய்து பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆயுர்வேத மருந்து, ஒரு பிரிவுக்கு மெதோட்ரெக்சேட், மூன்றாவதற்கு இரண்டும். நிஜ மருந்து எது, போலி எது என்று நோயாளிக்குத் தெரியாது. 2011-ல் வெளியான முடிவு: பலன் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே!

அவசரப்படாதீர்கள். 43 பேர் சிறு கூட்டம். அவர்கள் சாப்பிட்டதும் வைத்தியர் ஆளுக்கேற்ப வகுத்த மருந்து; வெறும் கொள்ளு ரசம் அல்ல. சிகிச்சையைத் தள்ளிப் போட்டால் மூட்டு அரித்துவிடும். அரித்தது திரும்பி வராது.

ஆகையால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கஷாயம் சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மெதோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்கள் அவ்வப்போது இரத்தம் கொடுத்து ஈரலைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.