கண்ணை மூடிக் கேளுங்கள்: ரொறன்ரோ வீட்டுக்கு ஒரு சின்ன ஸ்டீரியோ

ஸ்காபரோவின் மெக்நிக்கல் அவென்யூவைத் தெரியாத ரொறன்ரோத் தமிழர் குறைவு. அந்தத் தெருவின் 3641-ஆம் இலக்கத்தில் ஒரு காலத்தில் ‘ஆடியோ ப்ராடக்ட்ஸ் இன்டர்நேஷனல்’ என்ற நிறுவனம் இருந்தது. எனர்ஜி, மிராஜ் என்ற பெயர்களில் அது செய்த ஸ்பீக்கர்கள் வெளிநாடுகளிலும் பேர் வாங்கின. 2006-இல் அமெரிக்காவின் கிளிப்ஷ் நிறுவனம் அதை வாங்கிவிட்டது. ஸ்காபரோவைத் தாண்டியதும் வரும் பிக்கரிங்கில் இன்றும் லென்புரூக் இருக்கிறது. பி.எஸ்.பி., என்.ஏ.டி., ப்ளூசவுண்ட் மூன்றும் அதன் கையில்தான். மேற்கே மிசிசாகாவில் பாரடைம். அது 1982-இல் ரொறன்ரோவில் தொடங்கியது. கிழக்கே பீட்டர்பரோவில் பிரைஸ்டன். ஒரே வட்டாரத்தில் இத்தனை ஸ்பீக்கர், ஆம்ப் கம்பெனிகள் எப்படி முளைத்தன?

காரணங்களில் முக்கியமானது ஒட்டாவாவில் இருக்கிறது. அங்கே தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் எதிரொலி இல்லாத அறை ஒன்று உண்டு. ஒலியை விழுங்கும் ஆப்பு வடிவத் திண்டுகள் சுவரெங்கும் பதித்திருக்கும். ஸ்பீக்கரிலிருந்து கிளம்பும் ஒலி திரும்பி வராது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் முனைவர் பட்டம் முடித்த ஃபிளாய்ட் டூல் 1965-இல் அந்த மன்றத்தில் சேர்ந்தார். 1991 வரை அங்கேதான் இருந்தார். அவர் எழுப்பிய கேள்வி எளிமையானது: அளவுகருவி ‘நல்லது’ என்று காட்டும் ஸ்பீக்கரும் மனிதக் காது ‘நல்லது’ என்று சொல்லும் ஸ்பீக்கரும் ஒன்றுதானா?

பதில் தேட, ஒலியைத் தடுக்காத ஆனால் பார்வையை மறைக்கும் திரை ஒன்றுக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வைத்தார். எல்லாவற்றின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார். கேட்பவருக்கு விலை தெரியாது, பெயர் தெரியாது, பெட்டி பெரிதா சிறிதா என்றும் தெரியாது. அப்படிக் கேட்டபோது, ரசனை ஆளுக்கு ஆள் வேறு என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது. காது நன்றாகக் கேட்கும் பெரும்பாலோர் கிட்டத்தட்ட ஒரே ஸ்பீக்கர்களுக்கே அதிக மதிப்பெண் கொடுத்தார்கள். அந்த ஸ்பீக்கர்களுக்குப் பொதுவான இரண்டு குணங்கள் இருந்தன. நேர் எதிரே நின்று அளந்தால் தாழ்ந்த சுருதியிலிருந்து உச்ச சுருதி வரை ஏற்றத்தாழ்வு குறைவு. பக்கவாட்டில் போகும் ஒலியும் திடீர்ப் பள்ளங்கள் இல்லாமல் சீராகக் குறையும். இரண்டாவது குணம் வீட்டில் மிக முக்கியம். சுவரிலும் கூரையிலும் பட்டு நம் காதுக்கு வருவது அந்தப் பக்கவாட்டு ஒலிதான்.

சொந்தமாக இப்படியொரு அறை கட்ட வசதியில்லாத சிறு கனடியக் கம்பெனிகள் ஒட்டாவா அறையை வாடகைக்குப் பயன்படுத்தின. 1972-இல் பி.எஸ்.பி.யைத் தொடங்கிய பால் பார்ட்டன் அவர்களில் ஒருவர். பொதுப் பணத்தில் கட்டிய ஒரு சோதனைக்கூடம் ஒரு தொழிலையே தூக்கி நிறுத்தியது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன்.

டூல் பிறகு அமெரிக்காவின் ஹர்மன் நிறுவனத்துக்குப் போனார். ஒட்டாவாவில் அவருடன் வேலை செய்த ஷான் ஆலிவும் அங்கே சேர்ந்துகொண்டார். 1994-இல் இருவரும் வெளியிட்ட ஆய்வு, சின்ன ஸ்டீரியோ வாங்க நினைக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 40 பேர் நான்கு ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னாலும் கண்ணெதிரேயும் வைத்துக் கேட்டார்கள். நான்கில் ஒன்று விலை குறைந்த, சிறிய பெட்டிகள் கொண்ட தொகுப்பு. திரை இருந்தபோது அது கௌரவமாக நின்றது. திரை இல்லாதபோது அதன் மதிப்பெண் இறங்கியது, பெரிய விலையுயர்ந்த பெட்டிகளின் மதிப்பெண் ஏறியது. ஒலி மாறவில்லை, பார்வைதான் மாறியது. கேட்டவர்கள் எல்லோரும் ஹர்மன் நிறுவனத்தின் ஊழியர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆகவே ‘சின்னப் பெட்டியில் என்ன சத்தம் வரும்’ என்ற தயக்கத்தை முதலில் விடலாம். ஆனால் சின்னப் பெட்டிக்கு ஒரு எல்லை உண்டு, அது இயற்பியல் போட்ட எல்லை. சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சக்தியில் அதிக சத்தம் ஆகிய மூன்றில் இரண்டுதான் ஒன்றாகக் கிடைக்கும். ஒலித்துறையில் இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும்போது, அதே சத்தத்துக்கு ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஆடவேண்டும். ஐந்து அங்குலக் கூம்பு 60 ஹெர்ட்ஸ் வரை நிம்மதியாக வேலை செய்யும். அதற்குக் கீழே மூச்சு வாங்கும். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். ஆண் குரலின் அடிப்படைச் சுருதியோ பெரும்பாலும் 85-க்கு மேல்தான். பாட்டிலும் வசனத்திலும் குரலை நேசிப்பவருக்குச் சின்ன ஸ்பீக்கரில் அதிகம் போய்விடாது. இளையராஜாவின் பேஸ் கிட்டாரைப் பின்தொடர்ந்து கேட்பவர் மட்டும் பிறகு ஒரு சப்வூஃபர் சேர்க்க வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்கட்டும். ஆலிவ் 2004-இல் 70 ஸ்பீக்கர்களை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கில், கேட்பவரின் விருப்பத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தைத் தீர்மானித்தது பேஸ்தான்.

பேஸைத் தீர்மானிப்பதில் பெட்டிக்குச் சமமாக அறைக்கும் பங்கு உண்டு. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. 43 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8 மீட்டர். 4 மீட்டர் நீள அறையில் அதன் சரிபாதி கச்சிதமாக அடங்குவதால், அந்தச் சுருதி வரும்போதெல்லாம் அறையும் சேர்ந்து முழங்கும். சுவரோரம் இருப்பவருக்கு இடி மாதிரி கேட்கும். நடுவில் இருப்பவருக்கு அந்தச் சுருதி காணாமலே போகும். இங்கே நம்மில் பலர் வாழ்வது பேஸ்மென்ட்டில். பழைய வீட்டு பேஸ்மென்ட்டைத் தனிக் குடியிருப்பாக்கினால் 1.95 மீட்டர் கூரை உயரமே போதும் என்கிறது ஒன்ராறியோ கட்டட விதி. அந்த உயரத்தில் தரைக்கும் கூரைக்கும் நடுவே 88 ஹெர்ட்ஸ் அளவில் இதே விளையாட்டு நடக்கும். சோபாவில் உட்கார்ந்தால் காது ஏறத்தாழப் பாதி உயரத்தில் இருக்கும், அங்கே அந்தச் சுருதி மெலியும். எழுந்து நின்றால் ஆண் குரல் கனத்துக் கேட்கும். உங்கள் வீட்டில் இன்றைக்கே செய்து பாருங்கள்.

கொண்டோவில் பிரச்சினை வேறு. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, கீழே லேமினேட் தரை, கைதட்டினால் சத்தம் சிதறும் அறை. தடித்த கம்பளமும் திரைச்சீலையும் அங்கே செய்யும் நன்மையை அதே பணத்துக்கு வேறெதுவும் செய்யாது. ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு அடி தள்ளி வையுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சமபக்க முக்கோணமாக அமையட்டும். கூர்மையான ஒலி தரும் சின்னக் கூம்பு காது உயரத்தில் இருக்கட்டும். அடுத்த வீட்டுக்குச் சுவர் தாண்டிப் போவது பேஸ் என்பதை ரொறன்ரோ மாநகரமும் புரிந்து வைத்திருக்கிறது. 2019 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இரைச்சல் விதி, ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு வீட்டின் வெளிப்புற இருக்கையிடத்தில் அளந்து பகலில் 55 டெசிபெல், இரவு 11 மணிக்குப் பிறகு 50 என்று வரம்பு வைக்கிறது. தாழ்ந்த சுருதியையும் கணக்கில் எடுக்கும் ‘சி’ அளவில் அது 70, 65 என்று தனியாக இருக்கிறது. சப்வூஃபர் வாங்கினால் அதன் சத்தத்தைத் தனியாகக் குறைக்கும் வசதி உள்ளதாக வாங்குங்கள்.

வாட்ஸ் கணக்கில் நாம் நிறைய ஏமாந்திருக்கிறோம். சென்னை ரிச்சி தெருவில் ஒரு காலத்தில் அட்டைப்பெட்டி மேல் ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. வாட்ஸ் அச்சடித்து விற்றார்கள். அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. வாட்ஸ் இரட்டித்தால் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும். இரண்டு மடங்கு சத்தமாகக் காதுக்குத் தோன்றவே பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். சாதாரணச் சின்ன ஸ்பீக்கர் ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபெல் தரும். இரண்டரை மீட்டர் தள்ளி சோபாவில் இருப்பவருக்கு ஒற்றை இலக்க வாட்ஸிலேயே வயிறு நிறையப் பாட்டு கேட்டுவிடும். நேர்மையான 50 வாட்ஸ் தாராளம். ஊரிலிருந்து ஆம்ப் கொண்டுவர நினைப்பவர்கள் பின்புறத்தைப் பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள். அங்கே 230 வோல்ட், இங்கே 120.

இனி ஸ்ட்ரீமிங், டி.வி., கேம். மூன்றையும் ஒரே பெட்டியில் கேட்கும்போது உண்மையான சிக்கல் ஒலித்தரத்தைவிடக் காலத்தில்தான் இருக்கிறது.

பாட்டுக்கு அவசரம் இல்லை. வைஃபை வழியாகப் பாடும் ஸ்பீக்கர், இணையத்திலிருந்து பாட்டைத் தானே இழுத்து, கொஞ்சம் சேமித்து வைத்துக்கொண்டு பாடும். போன் வெறும் ரிமோட்தான். அழைப்பு வந்தாலும் பாட்டு நிற்காது. இரண்டு வினாடி தாமதித்துத் தொடங்கினாலும் யாருக்கும் தெரியாது. டி.வி.யில் அப்படி முடியாது. உதடு அசைவதும் குரலும் பொருந்தவேண்டும். சர்வதேச ஒளிபரப்பு அளவுகோலின்படி, குரல் 125 மில்லிவினாடி பிந்தினாலும் சாதாரணமாகக் கண்டுபிடிக்க மாட்டோம். ஆனால் 45 மில்லிவினாடி முந்தினாலே உறுத்தும். ஒளியைவிட ஒலி மெதுவாக வரும் உலகில் வளர்ந்த மூளை இது. மைதானத்தின் எல்லைக்கோட்டில் நின்று கிரிக்கெட் பார்க்கும்போது, மட்டை பந்தை அடித்த பிறகுதான் ‘டக்’ என்று கேட்கிறது. பிந்தி வருவது பழகிய விஷயம், முந்தி வருவது இயற்கையில் நடக்காதது.

கேம் இந்த இரண்டையும்விடக் கறாரானது. வினாடிக்கு 60 படம் ஓடும் கேமில் ஒரு படத்தின் ஆயுள் 16.7 மில்லிவினாடி. சாதாரண புளூடூத் இணைப்பு 200 மில்லிவினாடி வரை எடுத்துக்கொள்ளும். பொத்தானை அழுத்திப் பன்னிரண்டு படம் ஓடிய பிறகு வெடிச்சத்தம் வந்தால் விளையாடும் பிள்ளைக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். அதனால் புளூடூத்தைப் பாட்டோடு நிறுத்துங்கள். டி.வி.க்கும் கேமுக்கும் கம்பியே சரி.

எந்தக் கம்பி? டி.வி.யின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்குள்ள ஹெச்.டி.எம்.ஐ. துளைகளில் ஒன்றின் பக்கத்தில் மட்டும் சின்ன எழுத்தில் ஆர்க் அல்லது ஈ-ஆர்க் என்று பொறித்திருக்கும். ஸ்டீரியோவை அந்தத் துளையில்தான் இணைக்கவேண்டும். கேம் கன்சோலை இன்னொரு துளையில் செருகினால், ஒலி டி.வி. வழியாக ஸ்டீரியோவுக்கு வந்துவிடும். டி.வி. ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வீட்டுப் பெரியவர்களுக்கு இரண்டாவது ரிமோட் தேவையில்லை. ஆர்க் 2009-இல் வந்தது, ஈ-ஆர்க் 2017-இல். பின்னதில் உதட்டசைவைத் தானாகச் சரிசெய்யும் வசதி கட்டாயம். ஸ்டீரியோவில் ஒளியிழை இணைப்பு மட்டும் இருந்தால் டி.வி.யின் ஒலி அமைப்பில் பி.சி.எம். என்பதைத் தேர்ந்தெடுங்கள். டால்பி என்று விட்டால், அதைப் பிரிக்கத் தெரியாத ஆம்ப் ஒரு சத்தமும் போடாமல் நிற்கும். பெட்டி பழுதென்று கடைக்குத் தூக்கிப் போகுமுன் இதைப் பாருங்கள். கேம் ஆடும்போது தாமதம் குறைய டி.வி.யில் ‘கேம் மோட்’ போட மறக்கவேண்டாம்.

இழப்பில்லாத ஒலித்தரத்தைப் பற்றி இப்போது நிறையப் பேச்சு. ஆப்பிள் 2021-இலும் ஸ்பாட்டிஃபை 2025-இலும் அதைக் கொண்டுவந்தன. கிடைத்தால் நல்லதுதான். ஆனால் 320 கிலோபிட் பாட்டுக்கும் குறுந்தட்டுத் தரத்துக்கும் உள்ள வேறுபாடு, ஒரு சுமாரான ஸ்பீக்கருக்கும் நல்ல ஸ்பீக்கருக்கும் உள்ள வேறுபாட்டின் முன் மிகச் சிறியது. காசை ஸ்பீக்கரில் போடுங்கள்.

என் தீர்ப்பு இது. ஒற்றைச் சவுண்ட்பாரைவிட, ஐந்து முதல் ஆறரை அங்குலக் கூம்புள்ள இரண்டு தனித்தனி ஸ்பீக்கர்களும், வைஃபையும் ஹெச்.டி.எம்.ஐ. ஆர்க்கும் கொண்ட ஒரு சின்ன ஆம்பும் மேல். ஆம்பை உள்ளேயே வைத்த ஸ்பீக்கர் ஜோடி கிடைத்தாலும் சரி. எந்த மாடலுக்கும் சுயேச்சையான அளவீட்டு வரைபடம் இணையத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். டூல் வழிவந்த அளவுமுறை இப்போது அமெரிக்கத் தொழில் தரநிலையாகவே இருக்கிறது.

சோதித்துப் பார்க்க நம்மிடம் அருமையான சாதனம் ஒன்று உண்டு. தமிழ்ப் படப்பாட்டு ஸ்டீரியோவுக்கு வந்தது 1978-இன் ‘ப்ரியா’வோடு என்று சொல்வார்கள். அதற்கு முந்திய டி.எம்.எஸ்., சுசீலா பாடல்கள் மோனோ. பின்னாளில் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்காத பதிவாகத் தேடி எடுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்காருங்கள். சுசீலாவின் குரல் எதுவுமே இல்லாத நடு இடத்திலிருந்து, ஒரு ஆள் நின்று பாடுகிற மாதிரி வரவேண்டும். ஒரு பக்கம் இழுத்தாலோ அகன்று பரவினாலோ, வைத்த இடம் தப்பு அல்லது ஜோடி ஒத்துப்போகவில்லை. பிறகு ஒரே ஒரு ஸ்பீக்கரில் கேளுங்கள். ஒற்றை ஸ்பீக்கரில்தான் குறை பளிச்சென்று தெரியும் என்பதும் டூலின் கண்டுபிடிப்பே.

வாங்குமுன் கடையில் திருப்பிக் கொடுக்கும் கெடுவைக் கேட்டு எழுதி வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, போனிலுள்ள ஒலியளவு ஆப்பால் பழையதையும் புதியதையும் ஒரே சத்தத்துக்குச் சரிசெய்யுங்கள். கொஞ்சம் சத்தம் கூடினதே நல்லதாகத் தோன்றிவிடும். நீங்கள் கண்ணை மூடிக்கொள்ள, பிள்ளையை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். எது பிடிக்கிறதென்று அவனைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். புதியது வெல்லவில்லையென்றால், கெடு முடியுமுன் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.