கோணிய பாதத்தை நேராக்கும் பூட்ஸ்

பிள்ளை பிறந்ததும் தாய் முதலில் முகத்தைப் பார்ப்பாள். பிறகு கையையும் காலையும் தடவிப் பார்ப்பாள். ஆயிரத்தில் ஏறக்குறைய ஒரு குழந்தைக்குப் பாதம் உட்பக்கமாகத் திரும்பி மடங்கியிருக்கும். இதற்கு ‘வளைபாதம்’ என்று பெயர்.

“கிரகணத்தன்று வெளியே வந்தாய், அதுதான்!” என்று வீட்டிலே தாயைக் குறை சொல்வார்கள். பாவம்! கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

முன்பெல்லாம் பெரிய ஆபரேஷன் செய்வார்கள். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் இக்னாசியோ பொன்செட்டி வேறு வழி கண்டார். வாரம் ஒரு முறை பாதத்தைக் கையால் மெல்லத் திருப்பி மாவுக்கட்டுப் போட வேண்டும். ஐந்தாறு கட்டில் பாதம் நேராகும். பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரில் ஒரு சிறு வெட்டும் தேவைப்படும். 1963-ல் அவர் இதை எழுதி வெளியிட்டார். உலகம் காதில் வாங்கிக்கொள்ள முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று!

கட்டுப் பிரித்ததும் வேலை முடிந்ததா? இல்லை. இனிமேல்தான் பூட்ஸ்!

இரண்டு பூட்ஸ். நடுவே ஓர் இரும்புப் பட்டை. பட்டையின் நீளம் குழந்தையின் தோள் அகலம். கோணலாக இருந்த கால் வெளிப்பக்கமாக 60 முதல் 70 டிகிரி திரும்பியிருக்கும்; நல்ல கால் 30 முதல் 40 டிகிரி. விரல் பக்கம் திறந்திருக்கும். குதிகால் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கப் பின்னால் ஒரு துளை. உகாண்டாவில் ஸ்டீன்பீக் என்பவர் உள்ளூர்த் தோலையும் இரும்பையும் கொண்டே இதைச் செய்து காட்டினார். செருப்புத் தைப்பவரும் வெல்டிங் செய்பவரும் போதும். நாகர்கோவிலில் இரண்டுக்கும் ஆளுக்கா பஞ்சம்! ஆனால் அளவு டாக்டர் சொல்வதாக இருக்க வேண்டும்.

முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம் போட வேண்டும். பிறகு நாலு வயது வரை தூங்கும்போது. இங்கேதான் கஷ்டம். குலசேகரத்தில் விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போக வேண்டிய தாய், இரவெல்லாம் அழும் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? “கழற்றிவிடு மக்களே, பிள்ளை துடிக்குது” என்பாள் பாட்டி. கழற்றினால் பாதம் பழையபடி வளையும். மறுபடியும் மாவுக்கட்டு!

அழுகை பெரும்பாலும் முதல் சில நாட்கள்தான். பட்டையைப் பிடித்து இரு காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டினால் பிள்ளை பழகிவிடும். தோல் சிவந்து புண்ணானால் மட்டும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் வளைபாதமும் சேர்ந்திருக்கிறது. சிகிச்சை இலவசம். ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரிடம் பிறந்த சில வாரங்களுக்குள் காட்டிவிடுவது நல்லது. கால் வளர வளர பூட்ஸ் சிறுத்துப் போகும். விரல் நுனி விளிம்பைத் தாண்டியதும் அடுத்த அளவு கேட்டு வாங்க வேண்டும்.