பத்தாம் திகதிக்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு

பதுளை, பசறை, லுணுகலை, ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் மாதத்தின் பத்தாம் திகதி மற்ற நாட்களைப் போல விடிவதில்லை. அன்று சம்பளம். கடைக்காரர் கடன் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். பிள்ளைக்குச் சப்பாத்து, அம்மாவுக்கு மருந்து என்று வீட்டில் கணக்குப் போட்டு முடித்திருப்பார்கள். பொழுது சாய்ந்ததும் லயத்துக்குப் பின்னாலோ மலைக்குக் கீழே ஓடையோரத்திலோ ஒரு சாக்கு விரியும். நாலைந்து பேர் சுற்றி உட்காருவார்கள். 304, ஓமி என்றால் பெரும்பாலும் பொழுதுபோக்கு. ரம்மி, மூன்று சீட்டு, உள்ளே-வெளியே என்றால் காசு. இழவு வீட்டில் இரவு விழித்திருப்பதற்கென்று தொடங்கும் ஆட்டமும் பல இடங்களில் விடியுமுன் காசாட்டமாகிவிடும்.

2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அந்தக் கணக்கில் ஒரே இரவில் 6,750 ரூபாவைத் தோற்றவர், ஐந்து நாள் பேர் போட்ட உழைப்பைச் சாக்கின் மேல் விட்டுவிட்டு எழுகிறார். மறுநாள் கோயிலில் கற்பூரம் ஏற்றி, இனிச் சீட்டைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்வார். அந்த நேரத்தில் அவர் சொல்வது பொய்யில்லை. அடுத்த பத்தாம் திகதி அதே சாக்கில் அதே இடத்தில் இருப்பார். "ரோசம் கெட்ட மனுசன்" என்று லயமே தீர்ப்புச் சொல்லிவிடும்.

இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. மூளையைப் பற்றியும் பழக்கத்தைப் பற்றியும் கடந்த ஐம்பது ஆண்டுகளில் தெரியவந்தவை வேறு கதை சொல்கின்றன.

உள்ளே-வெளியே ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மங்காத்தா என்று சொல்வதும் இதைத்தான். ஒரு சீட்டைக் குறித்துக்கொண்டு, கட்டிலிருந்து மாறி மாறி இரண்டு பக்கமும் போடுவார்கள். குறித்த சீட்டின் ஜோடி எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்கு வெற்றி. முதலில் சீட்டு விழும் பக்கத்துக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 51.5, மற்றதற்கு 48.5 வாய்ப்பு. கிட்டத்தட்டச் சரிபாதி.

இந்தச் சரிபாதியில்தான் மூளை மாட்டிக்கொள்கிறது. நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில் குரங்குகளுக்குச் சில படங்களைக் காட்டினார்கள். ஒரு படம் வந்தால் பழச்சாறு நிச்சயம். இன்னொன்று வந்தால் நிச்சயமாகக் கிடைக்காது. வேறொன்று வந்தால் பாதி வாய்ப்பு. டோபமைன் நரம்பணுக்கள் காத்திருக்கும் நேரம் முழுவதும் மெல்ல மெல்லச் சூடேறிக்கொண்டே போனது பாதி வாய்ப்பின்போதுதான். கிடைத்த பிறகு வரும் இன்பம் வேறு. கிடைக்குமா கிடைக்காதா என்ற இடைவெளியே மூளையை உசுப்பும் என்பதை அந்தச் சோதனை காட்டியது. சீட்டு கவிழ்ந்து கிடக்கும் அந்தச் சில விநாடிகளுக்காகவே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன். காசு அந்த விநாடிகளுக்குக் காரம் சேர்க்கிறது.

அடுத்தது, மயிரிழையில் தப்பிய வெற்றி. லூக் கிளார்க் கேம்பிரிட்ஜில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், சுழலும் இயந்திரத்தில் சூதாடியவர்களின் மூளையைப் படம்பிடித்தார்கள். வெல்லும்போது விழித்துக்கொள்ளும் பகுதிகளில் சில, ஒரு படத்தால் தோற்றபோதும் விழித்துக்கொண்டன. கணக்கில் அது முழுத் தோல்வி, ஆனால் மூளை அதைப் பாதி வெற்றியாக வரவு வைக்கிறது. ரம்மியில் ஒரே ஒரு சீட்டு வராமல் போனவர் அதை இரண்டு நாளைக்குச் சொல்லிக்கொண்டு திரிவது இதனால்தான்.

இவற்றைவிடக் கொடியது தோற்றதைத் துரத்துவது. "விட்டதைப் பிடிச்சிட்டு எழும்புறேன் அண்ணே" என்ற பேச்சில் வீடு வாசல் போனவர்கள் உண்டு. கேரி ஸ்மித்தும் இரு சகாக்களும் இணையத்தில் பெரிய தொகைக்குப் போக்கர் ஆடுபவர்களின் ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்து 2009இல் கட்டுரை எழுதினார்கள். அனுபவமுள்ள ஆட்டக்காரர்களே பெருந்தொகை தோற்ற பிறகு முன்னைவிடத் தளர்வாக, விட்டுவிட வேண்டிய சீட்டுகளையும் வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். போக்கர்காரர்கள் இந்த நிலையை டில்ட் என்பார்கள். பின்லாந்தில் இதை ஆராய்ந்தவர்கள், அதன் அடியில் கோபத்தையும் 'எனக்கு அநியாயம் நடந்துவிட்டது' என்ற எண்ணத்தையும் கண்டார்கள். தனக்கு வரவேண்டியதை யாரோ பறித்ததுபோல இருப்பதால் அதைத் திருப்பி வாங்கும்வரை எழும்ப முடிவதில்லை. சீட்டுக்கு யாரும் கடன்பட்டிருக்கவில்லை என்பது அந்த நேரத்தில் புலப்படாது.

போக்கரில் ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு சேர்க்கும் கணக்கைப் பாருங்கள். கையிலும் மேசையிலும் தெரியும் ஆறு சீட்டில் நான்கு அந்தச் சின்னம், இன்னும் ஒரேயொரு சீட்டுத் திறக்க வேண்டும். தெரியாத 46 சீட்டில் உதவக்கூடியது 9. ஐந்து முறைக்கு ஒரு முறைகூடச் சரியாக வராது. முந்திய ஆறு கை தோற்றிருந்தாலும் ஏழாவதில் அதே 46, அதே 9. 1913 ஆகஸ்ட் 18 அன்று மொண்டே கார்லோ கசினோவில் சூதாட்டச் சக்கரத்தின் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழுந்தது. இனிச் சிவப்புத்தான் என்று நம்பிச் சிவப்பில் கட்டியவர்கள் பெரும் பணத்தை இழந்தார்கள்.

அப்படியானால் கணக்குத் தெரிந்தால் போதுமா? நளன் கதை இந்தக் கேள்வியைத் தொடுகிறது. நாட்டைச் சூதில் தோற்று, பெயர் மறைத்துத் தேரோட்டியாக இருந்த நளன், இருதுபன்னன் என்ற மன்னனை ஏற்றிக்கொண்டு விதர்ப்பத்துக்குப் போகும் வழியில் ஒரு தான்றி மரத்தடியில் தேரை நிறுத்துகிறான். மன்னன் அந்த மரத்தின் இலையையும் காயையும் பார்த்த மாத்திரத்தில் எண்ணிக்கை சொல்கிறான். நளன் எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. குதிரை வித்தையைக் கொடுத்து அந்த எண் வித்தையையும் சூதின் நுட்பத்தையும் வாங்கிக்கொள்கிறான். அப்போதுதான் அவனைப் பிடித்திருந்த கலி அவன் உடலை விட்டு வெளியேறுகிறது. நிகழ்தகவுக் கணிதத்தின் வரலாற்றை எழுதிய இயன் ஹேக்கிங் 1975இல் வந்த தம் நூலில் இந்தக் கதையை எடுத்துப் பேசியிருக்கிறார். எண்ணத் தெரிந்ததும் மயக்கம் கலைகிறது என்பது பழைய புத்தி. ஆனால் நளன் பிறகு, தன்னைச் சூதில் வென்ற புட்கரனோடு ஒரே ஒரு முறை ஆடி, நாட்டை மீட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறான். கணக்கோடு எழும்பத் தெரிந்ததையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

நம் காலத்து உதாரணம் மரியா கொன்னிக்கோவா. உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஒரு கட்டில் எத்தனை சீட்டு என்றே தெரியாமல் போக்கர் கற்கப் போனார். குருவாக வாய்த்தவர் எரிக் சைடல் என்ற பெரிய ஆட்டக்காரர். நல்ல சீட்டு வைத்திருந்தும் அதிர்ஷ்டத்தால் தோற்ற கதையைச் சொல்லிப் புலம்புவதை அவர் முதலில் நிறுத்தச் சொன்னார். அது கெட்ட பழக்கம், நீ என்ன முடிவு எடுத்தாய் என்று மட்டும் சொல் என்றார். கொன்னிக்கோவா 2018இல் ஒரு போட்டியில் 84,600 டொலர் வென்றார். உளவியல் படித்தவருக்கே பழக்கத்தை மாற்ற இன்னொருவர் பக்கத்திலிருந்து திருத்த வேண்டியிருந்தது என்பதைத்தான் நான் கவனிக்கிறேன். தேர்ந்த ஆட்டக்காரர்கள் உட்காருமுன்பே எவ்வளவு தோற்றால் எழும்புவது, எத்தனை மணிக்கு எழும்புவது என்று தீர்மானித்துக்கொள்கிறார்கள். சூடேறிய மூளையிடம் அந்தக் கேள்வியை விடுவதில்லை.

கற்பூரச் சத்தியத்தின் பலவீனம் இங்கேதான். அது 'செய்யமாட்டேன்' என்று மட்டும் சொல்கிறது. பத்தாம் திகதி மாலை ஆறு மணிக்கு, கையில் காசோடு, ஓடையோரப் பாதை பிரியும் இடத்தில் என்ன செய்வது என்று சொல்லித் தருவதில்லை. பழக்கம் அந்த இடத்திலும் அந்த மணியிலும் அந்த முகங்களிலும் இருக்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மனிய உளவியலாளர் இதற்கு எளிய வழி ஒன்றை முன்வைத்தார்: 'இன்னது நேர்ந்தால் நான் இன்னது செய்வேன்' என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்வது அல்லது எழுதிவைப்பது. 2006இல் அவரும் பஸ்கால் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் தீர்மானத்தைவிட இது தெளிவாக அதிகம் பலித்திருந்தது. 'சம்பளம் வாங்கியதும் நேரே கடைக்குப் போய்க் கணக்கை முடிப்பேன். யாராவது கூப்பிட்டால், தங்கச்சி வீட்டுக்குப் போகணும் என்று சொல்லி மேல் ரோட்டால் போவேன்.' இவ்வளவுதான்.

இடத்தின் பலம் எவ்வளவு என்பதற்கு லீ ராபின்ஸ் 1970களில் செய்த ஆய்வு சாட்சி. வியட்நாமில் ஹெரோயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேரளவே. நம் மலைநாட்டிலும் இதைப் பார்க்கலாம். ஐயப்பனுக்கு மாலை போட்ட மனிதர் அந்த மண்டலம் முழுக்கக் குடிக்கமாட்டார், சீட்டுக்குப் போகமாட்டார். அவரைப் பார்த்துச் சிரமப்படுகிறார் என்று சொல்லவும் தோன்றாது. உடை மாறுகிறது, பெயரே 'சாமி' என்று மாறுகிறது, காலை மாலைக் குளியல், பஜனை என்று மாலை நேரம் நிரம்பிவிடுகிறது, பழைய கூட்டாளிகளே விலகி வழிவிடுகிறார்கள். ரோசம் கெட்டவர் என்று பேரெடுத்தவருக்கு 41 நாள் இது முடிகிறது. மாலையைக் கழற்றிய கையோடு பழைய உடை, பழைய பாதை, பழைய அழைப்பு எல்லாம் திரும்பி வந்துவிடுகின்றன.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி 96 பேரைத் தொடர்ந்து கவனித்தார். ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கத் தொடங்க நடுத்தரமாக 66 நாள் எடுத்தது. 18 முதல் 254 நாள் வரை ஆளுக்கு ஆள் மாறியது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய நட்டம் ஏற்படவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. சத்தியம் செய்தவருக்கு இதுதான் புரியாமல் போகிறது. ஒரு கை ஆடியதும் சத்தியமே போய்விட்டது, இனி என்ன என்று விடியும்வரை இருந்துவிடுகிறார். உளவியலாளர் அலன் மார்லாட் குடிகாரர்களிடம் கண்ட இதே சரிவை விவரித்திருக்கிறார். தவறியவரை அன்றே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவது அவமானப்படுத்துவதைவிடப் பெரிய காரியம்.

காசைப் பற்றியும் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. திலீப் சோமன், அமர் சீமா இருவரும் இந்தியாவில் கட்டட வேலை செய்யும் கூலித் தொழிலாளர்களிடம், சேமிக்க வேண்டிய பணத்தை ஒட்டிய உறையில் போட்டுக் கொடுத்தார்கள். ஒரே உறையில் வைத்தவர்களைவிட இரண்டு உறையாகப் பிரித்து வைத்தவர்கள் அதிகம் சேமித்தார்கள். உறையில் பிள்ளைகளின் படம் இருந்தபோது சேமிப்பு இன்னும் கூடியது. உறையைக் கிழிக்கும் ஒவ்வொரு முறையும் மனிதன் ஒரு கணம் நின்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. நம் பெண்கள் சம்பளத்தன்றே மாதச் சீட்டுக்குப் பணத்தைக் கட்டிவிடுவதும் இதே அறிவுதான்.

இன்று சாக்கு மட்டுமில்லை, கைத்தொலைபேசியும் இருக்கிறது. அதற்குப் பாதை பிரியும் இடமே கிடையாது. காம்பராவில் படுத்தபடியே ஆடலாம். தமிழ்நாடு 2025இல் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளில் நுழைவதைத் தடுத்தது, சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. சில மாதங்களில் இந்திய மத்திய அரசே அத்தகைய விளையாட்டுகளைத் தடைசெய்தது. இலங்கை அதே ஆண்டு சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகார சபைக்கான சட்டத்தை நிறைவேற்றியது. அந்த அதிகார சபை கொழும்புக் கசினோக்களோடு நின்றுவிடாமல் லயத்து இரவுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

வழிமுறைகளால் கட்டுப்படாத நிலையும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் சூதாட்டக் கோளாறை மது, போதைப் பாவனையோடு ஒரே வகுப்பில் வைத்தது. பொய் சொல்வது, தோற்றதைத் துரத்துவது, விட முயன்று முயன்று தோற்பது, கடனை அடைக்கப் பிறரிடம் கையேந்துவது ஆகியவை அதன் அடையாளங்கள். இவை தெரிந்தால் அது வைத்தியரிடம் போக வேண்டிய விடயம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம். அழைப்பது ஆடுகிறவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, மனைவியோ மகளோ அழைத்தாலும் போதும். வட்டிக்காரர் வாசலுக்கு வரும்போது தாலிக்கொடியை அடகு வைத்துக் கடனை முழுதாக அடைத்துக் கையில் மிச்சக் காசையும் கொடுத்துவிட்டால் அடுத்த ஆட்டத்துக்கு வழி திறக்கிறது. கடனை எழுதி, தவணை பேசி, அந்தக் காசு ஆடுகிறவரின் கை வழியாகப் போகாமல் நேரே கடன்காரரிடம் சேரும்படி பார்த்துக்கொள்வதே முதல் மாதத்தில் குடும்பம் செய்ய வேண்டியது.