விதி என்று தெரிந்த பிறகு

“எல்லாம் அவன் செயல்னு சொல்றீங்க. அப்புறம் நான் எதுக்குங்கய்யா வேண்டோணும்? அவன் நெனச்சது நடக்கப்போவுது. நெனைக்காதது நடக்கப்போறதில்லை. நடுவுல என்ற வேண்டுதலுக்கு என்னங்க வேலை?”

திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி டீக்கடையில் கேட்ட கேள்வி இது. அவருடைய அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் நடக்கிறது. பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், “எல்லாம் போன சென்மத்து வினை” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காத அம்மாவைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்ற ஆற்றாமை தம்பிக்கு. கேள்வி அங்கிருந்துதான் கிளம்பியது.

இதற்குப் பதில் தேடிக் காசிக்குப் போக வேண்டியதில்லை. 1300 ஆண்டுகளுக்கும் முன்னால் இதே ஊரில், இதே மலையடியில், நோயை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை இந்தக் கேள்வியைக் கையில் எடுத்திருக்கிறார். நிதானமாகப் பேசுவோம்.

திருச்செங்கோட்டின் பழைய பெயர் கொடிமாடச் செங்குன்றூர். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கொங்கு நாட்டுக்கு வந்தபோது இங்கே வந்தார். பக்கத்தில் இருக்கும் திருநணாவுக்கும், அதாவது காவிரியும் பவானியும் கூடும் இன்றைய பவானிக்கும் போய்விட்டுத் திரும்பவும் செங்குன்றூரிலேயே தங்கினார். அது பனிக்காலம். கூட வந்த அடியார்களுக்குக் குளிர்சுரம் கண்டது. சம்பந்தரிடம் போய்ச் சொன்னார்கள்: இந்த நிலத்தின் இயல்பு இப்படி, இந்தப் பருவத்தில் இங்கே இந்தச் சுரம் வரும் என்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

“நிலத்தின் இயல்பு” என்பதும் விதிக்கு இன்னொரு பெயர்தான். இப்படித்தான் இருக்கும், இதில் நாம் செய்ய ஒன்றுமில்லை என்று பொருள். சம்பந்தர் அதை ஏற்கவில்லை. அப்போது அவர் பாடியதுதான் திருநீலகண்டப் பதிகம். முதல் திருமுறையில் 116ஆவது பதிகம். இன்றைக்கும் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாவிட்டால் பெரியவர்கள் இதை எடுத்து ஓதுவார்கள். ஓதுகிறவர்களில் பலர் இதை ஒரு மந்திரம் போல நினைக்கிறார்கள். பொருள் தெரிந்து படித்தால், இது ஒரு வாதம்.

முதல் பாட்டில் சம்பந்தர் கேட்பதை நம் பேச்சில் சொல்கிறேன். அன்று செய்ததற்கு இன்று இது பலன் என்று கணக்குச் சொல்கிறீர்களே, அது உங்களுக்குத் தெரிந்ததுதானே? தெரிந்திருந்தும் பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்கு இழுக்கு இல்லையா? அவர் வினையை மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வினை என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பதை மறுக்கிறார். குற்றம் நோயாளியிடம் இல்லை. காரணம் சொன்னதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறவரிடம் இருக்கிறது என்கிறார்.

சரி, பிழைக்கும் வழி என்ன? கையால் தொண்டு செய்து அவன் கழலைப் போற்றுவோம் என்கிறார். வேலையும் வேண்டுதலும் ஒரே மூச்சில் வருகின்றன. இரண்டாம் பாட்டில் அந்தத் தொண்டு என்னென்ன என்று பட்டியலே வருகிறது: சோலை வைப்பது, குளம் தோண்டுவது, இரு பொழுதும் பூப்பறித்து வழிபடுவது. குளம் வெட்டுவதையும் பூசை செய்வதையும் ஒரே பாட்டில், ஒரே தட்டில் வைத்துப் பேசிய வேண்டுதல் இது.

“அப்பக் கையால செஞ்சாப் போதாதுங்களா? சாமி எதுக்கு?” என்றார் தம்பி.

இந்த இடத்தில் சைவ சித்தாந்தம் சொல்லும் பதிலைத் தெரிந்துகொள்வது நல்லது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தைப் பன்னிரண்டே சூத்திரங்களில் எழுதினார். அந்த வழியில் வந்தவர்கள் சொல்வது இது. இறைவன், உயிர், உயிரைப் பிணித்திருக்கும் பாசம் ஆகிய மூன்றும் தொடக்கம் இல்லாதவை. உயிரை இறைவன் உண்டாக்கவில்லை. உயிரை மறைக்கும் ஆணவம் என்ற இருட்டையும் அவன் உண்டாக்கவில்லை. ஆகவே, “நல்லவனான சாமி கெட்டதை ஏன் படைத்தான்?” என்ற கேள்வி இங்கே அந்த வடிவத்தில் எழுவதில்லை. இருட்டு முன்பே இருந்தது. உயிரை அதிலிருந்து மீட்பதுதான் அவன் ஓயாமல் செய்யும் வேலை. படைப்பதும் காப்பதும் அழிப்பதும் மறைப்பதும் அருளுவதும் அந்த ஒரே நோக்கத்துக்காக.

உயிருக்கு விரும்பவும் அறியவும் செய்யவும் ஆற்றல் உண்டு. ஆனால் அந்த ஆற்றல் தானாகக் கிளம்பாது. அவன் துணை வேண்டும். போர்வெல் போடுகிறவருக்கு இது புரியும். பூமிக்கு அடியில் ஓடும் தண்ணீரை நாம் உண்டாக்கவில்லை. ஆனால் எங்கே போடுவது, எத்தனை அடி போவது, வந்த தண்ணீரை எந்த வயலுக்கு விடுவது என்பதெல்லாம் நம் முடிவு. தண்ணீர் அவனுடையது என்பதால் துளையிடும் வேலை இல்லாமல் போவதில்லை. துளை நம்முடையது என்பதால் தண்ணீர் நம் படைப்பாகிவிடுவதும் இல்லை.

வினையையும் மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். சேர்ந்து கிடக்கும் மூட்டை சஞ்சிதம். அதிலிருந்து இந்தப் பிறவிக்கென்று வந்து, இப்போது நாம் அனுபவிப்பது பிராரத்தம். அனுபவிக்கும்போதே நாம் புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். நடந்துவிட்டதில் நமக்குப் பிடி இல்லை. வந்த துன்பத்தை எப்படி எதிர்கொள்கிறோம், அந்த நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதில் பிடி இருக்கிறது. நமக்கு இருக்கும் சுதந்திரத்தின் இடம் அதுதான். சின்ன இடம், ஆனால் அது நிஜமான இடம்.

வள்ளுவரும் இந்த இரண்டையும் விடவில்லை. 38ஆம் அதிகாரத்தில் ஊழை விட வலியது எது என்று கேட்டவர், 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையில், தளராமல் உழைப்பவர்கள் ஊழையும் முதுகு காட்ட வைப்பார்கள் என்கிறார். இது முரண் இல்லை. நடந்து முடிந்ததைப் பார்க்கும் கண் ஒன்று. இனி நடக்க வேண்டியதைப் பார்க்கும் கண் இன்னொன்று. முதல் கண் இல்லாதவனுக்குத் தோல்வியில் மனம் உடைந்துபோகும். இரண்டாவது கண் இல்லாதவன் எழுந்திருக்கவே மாட்டான்.

திருச்செங்கோட்டு மலைப்படியில் அறுபதாம்படி என்று ஒன்று உண்டு. சொத்துத் தகராறு, கொடுக்கல் வாங்கல் வழக்கெல்லாம் அந்தப் படியில் நின்று சத்தியம் செய்தால் தீரும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். மனிதன் வெறும் பொம்மை என்று நம் முன்னோர்கள் நினைத்திருந்தால், அவனைக் கூட்டிப்போய் அங்கே நிறுத்தியிருப்பார்களா? உண்மையும் சொல்லலாம், பொய்யும் சொல்லலாம் என்ற இரண்டு வழியும் திறந்திருக்கிறவனால்தான் சத்தியம் செய்ய முடியும். கடவுளிடம் அவ்வளவு பயம் வைத்திருந்த அதே மக்கள், மனிதனின் பொறுப்பையும் அவ்வளவு நம்பினார்கள்.

சம்பந்தர் பதிகமும் ஒரு சத்தியம்தான். வினை எங்களைத் தீண்டாது, இது திருநீலகண்டத்தின் மேல் ஆணை என்றுதான் பாட்டுக்குப் பாட்டு முடிகிறது. சிவபெருமானுக்கு எத்தனையோ பெயர்கள் இருக்கின்றன. முப்புரம் எரித்தவன் என்ற வீரத்தையும் பாட்டில் சொன்ன சம்பந்தர், நோய்ப்படுக்கைக்குப் பக்கத்தில் நின்று ஆணையிட நீலகண்டத்தைத் தேர்ந்தெடுத்தார். கண்டம் நீலமானது எதனால்? பாற்கடலில் எழுந்த நஞ்சை அடுத்தவர்மேல் விழவிடாமல் தான் வாங்கிக்கொண்டதால். துன்பத்தைத் தூர நின்று அளந்து கொடுக்கிறவனாக அவர் கடவுளைக் காணவில்லை. துன்பத்தைத் தன் தொண்டையில் தாங்கிக்கொண்டவனாகக் கண்டார். வலியில் இருப்பவர் வேண்டுவதற்கு ஏற்ற முகம் அதுதான்.

வேண்டியும் பதில் வராவிட்டால்? பதிகம் அதையும் மறைக்கவில்லை. நடுவில் ஒரு பாட்டில் சம்பந்தர் நேராகவே முறையிடுகிறார்: எங்களை ஆட்கொண்ட பிறகு எங்கள் குறையைக் கேட்காமல் இருப்பது உனக்குத் தகுமா? மூன்று வயதில் ஞானப்பால் உண்டவர் என்று நாம் கொண்டாடும் பிள்ளையே இப்படிக் கேட்டிருக்கும்போது, அம்மாவுக்காகக் கோயிலில் நின்று அழும் மகன் கேட்கக் கூடாதா? தாராளமாகக் கேட்கலாம். உரிமை உள்ள இடத்தில்தான் கோபம் வரும். அந்தக் கோபமும் வேண்டுதலில் சேர்த்திதான்.

விவிலியத்தில் யோபு கதையும் இதையே காட்டுகிறது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறார் யோபு. பார்க்க வந்த நண்பர்கள், நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று வாதாடுகிறார்கள். யோபுவோ கடவுளையே வழக்குக்கு அழைக்கிறார். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அந்த நண்பர்களைத்தான். என் அடியான் யோபுவைப் போல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். கடவுளை ஆதரித்துப் பேசியவர்கள் தவறினார்கள். அழுது முறையிட்டவர் தவறவில்லை. வெவ்வேறு மண், வெவ்வேறு சமயம். இருந்தும், துன்பப்படுகிறவரிடம் போய்க் காரணம் கற்பிக்காதே என்ற இடத்தில் இரண்டும் ஒன்றாக நிற்கின்றன.

வினைக் கொள்கை நம்மை நாமே திருத்திக்கொள்ள வந்தது. என் கோபத்தை, என் பேராசையை நான் எடைபோடும்போது அது எனக்கு உதவும். அடுத்தவரின் நோயை எடைபோட அதை எடுத்தால் கல்நெஞ்சம்தான் மிஞ்சும். இந்த மலை உச்சியில் பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் வறடிக்கல் என்ற பாறையைச் சுற்றி வருவது வழக்கமாக இருந்தது. அந்தப் பெண்களை ஊர் எத்தனை வார்த்தையால் சுட்டிருக்கும் என்று நினைத்தால், வினை என்ற சொல்லை வாயிலிருந்து எடுக்கும் முன் நமக்குப் பயம் வர வேண்டும்.

சரி, சம்பந்தர் பதிகம் பாடிய பிறகு என்ன ஆயிற்று? அடியார்களின் சுரம் நீங்கியது. அதோடு நிற்கவில்லை, அந்த நாட்டை விட்டே அது நீங்கியது என்கிறது பெரியபுராணம். இதை நம்புவதும் நம்பாததும் அவரவர் மனம். அந்தக் கதை எந்தத் திசையைக் காட்டுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். “இந்த மண்ணின் இயல்பு” என்று சொல்லப்பட்டது மாறும் என்கிறது அது. பின்னாளில் அப்படித்தான் நடந்தது. கொல்லிமலை ஒரு காலத்தில் மலைக்காய்ச்சலுக்குப் பேர்போன இடம். காற்று அப்படி, தண்ணீர் அப்படி என்று ஒதுங்கியிருந்தார்கள். 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1953இல் நாடு முழுவதும் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. இன்று நாம் பயமில்லாமல் கொல்லிமலை ஏறுகிறோம். மருந்து தெளிக்க ஊர் ஊராக நடந்தவர்களின் உழைப்பை, சம்பந்தர் சொன்ன கைத்தொண்டுக் கணக்கில் சேர்க்க எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

கைத்தொண்டின் எடை எவ்வளவு என்பதற்குச் சம்பந்தர் வாழ்க்கையிலேயே இன்னொரு கதை இருக்கிறது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அடியார்களுக்குச் சோறு போட, அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் காசு கொடுத்தான். அப்பருக்குக் கிடைத்தது நல்ல காசு. சம்பந்தர் பெற்ற காசுக்குக் கடையில் வட்டம் பிடித்தார்கள். அப்பர் உழவாரப்படை எடுத்துக் கோயில் தரையில் புல் செதுக்கியவர், அதனால் அவருக்கு நல்ல காசு என்று சொல்லப்படுகிறது. பிறகு சம்பந்தர் அந்தக் குறை தீரப் பாடினார், குறையும் தீர்ந்தது. உழைத்தவருக்கு ஒரு வழி, கேட்டவருக்கு ஒரு வழி. இறைவன் இரண்டு வழியையும் அடைக்கவில்லை.

ஆகவே தம்பி, வேண்டுவது என்பது அவன் போட்ட திட்டத்தைத் திருத்தச் சொல்லி மனுக் கொடுப்பது அல்ல. நம் விருப்பமும் கையும் அவன் துணையோடு ஒரே திசையில் கிளம்புவதுதான் வேண்டுதல். அவன் சித்தத்தில் உங்கள் வேண்டுதலுக்கும் இடம் இருக்கிறது. அந்தச் சித்தம் நடக்கிற பல வழிகளில் வேண்டுதலும் ஒன்று. டயாலிசிஸ் நாளைத் தவறவிடாமல் அழைத்துப் போவது, டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்வது, ஆசைப்பட்டுக் கேட்டாலும் இளநீரும் வாழைப்பழமும் கொடுக்காமல் இதமாகச் சமாளிப்பது, இரவில் கால் பிடித்துவிடுவது, இவை எல்லாமே உங்கள் பதிகம்தான். அதோடு மலைக்குப் போய்க் கையும் கூப்புங்கள். கேளுங்கள், முறையிடுங்கள், சண்டையும் போடுங்கள். அம்மா குணமாகலாம், ஆகாமலும் போகலாம். எது நடந்தாலும், அது அவரைத் தண்டிக்க வந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

சுரம் நாட்டை விட்டே நீங்கியது என்ற இடத்தை மறக்கக் கூடாது. தன்னோடு வந்தவர்களுக்காகத் தொடங்கிய வேண்டுதல், பெயர் தெரியாத எல்லாருக்குமாக முடிந்தது. அந்த டயாலிசிஸ் அறையில் அம்மாவுக்குப் பக்கத்துப் படுக்கையிலும் ஒருவர் படுத்திருக்கிறார். அவருக்குத் துணை வர ஆள் இருக்கிறதா, ஊருக்குத் திரும்பப் பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா என்று அடுத்த முறை விசாரியுங்கள். அவர் பெயரையும் கேட்டுக்கொண்டு, கும்பிடும்போது அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.