தொண்டுக்கும் ஒரு படிப்பா?

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் நம் குடும்பங்களில் நடைபெறும் உரையாடல் பெரும்பாலும் ஒரே விதமானது. பொறியியலா, செவிலியர் பயிற்சியா, வணிகவியலா என்று பெற்றோரும் உற்றாரும் கூடி ஆராய்கின்றனர். அவ்வேளையில் மகளோ மகனோ, “நான் சமூகப் பணி படிக்க விரும்புகிறேன்” என்று கூறினால், வீட்டில் சற்றே அமைதி நிலவுகிறது. “ஏழைகளுக்கு உதவ நல்ல மனம் இருந்தால் போதாதா? அதற்கொரு பட்டம் எதற்கு? அதைப் படித்துவிட்டுப் பிழைப்புக்கு என்ன செய்வாய்?” என்னும் வினாக்கள் அடுத்தடுத்து எழுகின்றன.

இவ்வினாக்களைக் குறை கூறுவதற்கில்லை. பிள்ளைகளின் நல்வாழ்வில் அக்கறை கொண்ட பெற்றோர் இவற்றைக் கேட்கத்தான் வேண்டும். ஆயினும், கேட்டதோடு நின்றுவிடாமல் விடையையும் பொறுமையோடு தேடுவது நம் கடமையன்றோ?

நல்ல மனம் மட்டும் போதுமா?

தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய உப்பளங்களை நாம் அனைவரும் அறிவோம். அங்கே பாத்தியில் உழைக்கும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். வெண்ணிற உப்பின் மீது பட்டுத் தெறிக்கும் வெயில் அவள் கண்களை வருத்துகிறது. உப்பு நீரில் நின்று நின்று பாதங்கள் வெடித்துப் புண்ணாகின்றன. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் உப்பு விளைச்சல் நின்றுவிடும். வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அம்மாதங்களில் வாங்கிய கடனை அடுத்த பருவத்தில் உழைத்துத் தீர்க்க வேண்டும். இந்நிலையில், ஒன்பதாம் வகுப்பில் பயிலும் அவளுடைய மகள் பள்ளிக்குச் செல்வதை நிறுத்திவிடுகிறாள்.

இதைக் கேள்வியுறும் நல்ல மனம் படைத்த ஒருவர் என்ன செய்வார்? ஓர் அரிசி மூட்டையையும் சில நோட்டுப் புத்தகங்களையும் கொண்டுபோய்க் கொடுப்பார். அது நல்ல செயலே. ஆனால் மூட்டை சில நாட்களில் தீர்ந்துவிடும். சிறுமி பள்ளியை விட்டதற்குக் காரணம் பசிதானா? தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத குறையா? தகப்பனின் குடியா? வழியில் எவரேனும் கொடுக்கும் தொல்லையா? அல்லது வீட்டில் தொடங்கிவிட்ட திருமணப் பேச்சா? இதை அறியாமல் அளிக்கும் உதவி, நோய் இன்னதென அறியாமல் கொடுக்கும் மருந்துக்கு ஒப்பாகும்.

பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் கொடுப்பதற்கு முன் கேட்கிறார். தாயிடமும் மகளிடமும் தனித்தனியே பேசுகிறார், ஆசிரியரைச் சந்திக்கிறார். அக்குடும்பத்துக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டிய அரசு உதவிகள் எவை, அவை ஏன் வந்து சேரவில்லை என்பதை ஆராய்கிறார். இது தனிநபர் பணி எனப்படும். பின்னர், இதே துன்பத்தில் உழலும் பெண்களை ஒன்றுகூட்டி, சேமிக்கவும் ஒருவருக்கொருவர் துணை நிற்கவும் வழிகாட்டுகிறார். இது குழுப் பணி. அதன்பின், குடிநீர், நிழற்கூரை, கண்ணாடி, காலுறை ஆகியவற்றை உப்பள உரிமையாளரிடமும், மழைக்கால உதவியை அரசிடமும் அம்மக்களே ஒன்றாக நின்று கேட்கும் நிலைக்கு அவர்களை ஆயத்தப்படுத்துகிறார். இது சமுதாய அமைப்புப் பணி. இம்மூன்றுமே சமூகப் பணிக் கல்வியின் அடிப்படை முறைகள். இரக்கம் இப்பணியைத் தொடங்கி வைக்கிறது. அதை முடித்து வைக்க அறிவும் பயிற்சியும் வேண்டும்.

நம் மரபில் இல்லாத ஒன்றன்று

இவ்வுண்மை முத்துக்குளித்துறைத் திருச்சபைக்குப் புதிதன்று. புனித சவேரியார் 1542-ஆம் ஆண்டு இக்கரையில் கால்வைத்தார். அவருக்குப்பின் இங்கு உழைத்த அண்டிரிக் அடிகளார் முதலில் செய்த வேலை, மக்களின் மொழியைக் கற்றதே. தமிழ் கற்று, இலக்கணம் எழுதி, 1578-இல் தம்பிரான் வணக்கத்தை அச்சேற்றிய அவரே, புன்னைக்காயலில் நோயுற்ற ஏழைகளுக்காக மருத்துவமனையும் ஏற்படுத்தினார். யாருக்குத் தொண்டு செய்கிறோமோ அவர்களை முதலில் கற்க வேண்டும் என்பதை அவர் தம் வாழ்வால் உணர்த்தினார்.

நம் பங்குகளில் இயங்கிவரும் வின்சென்ட் தே பவுல் சபையின் வரலாறும் இதையே கூறுகிறது. அச்சபையை 1833-இல் பாரிசு நகரில் நிறுவிய பிரடெரிக் ஓசானாம் அப்போது 20 வயது நிரம்பிய கல்லூரி மாணவர். ஏழைகளுக்காக உங்கள் திருச்சபை இன்று என்ன செய்கிறது என்று உடன் பயின்றோர் ஏளனமாகக் கேட்டபோது, அவரும் நண்பர்களும் செயலில் விடையளிக்கத் துணிந்தனர். ஆனால் தாமாகவே தெருவில் இறங்கிவிடவில்லை. ஏழைகளின் குடியிருப்பில் நெடுங்காலம் உழைத்துவந்த அருட்சகோதரி ரோசலி ரெந்து அவர்களிடம் சென்று, எவ்வீட்டை எவ்வாறு சந்திப்பது, எவ்வாறு பேசுவது என்று கற்றுக்கொண்டனர். இக்காலச் சொல்லில் கூறினால், அம்மாணவர்களுக்கு அச்சகோதரியே களப்பணி வழிகாட்டி! ஓசானாம் 1997-லும், சகோதரி ரோசலி 2003-லும் அருளாளர்களாக உயர்த்தப்பட்டனர்.

படிப்பு வளர்ந்த வரலாறு

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொழில் நகரங்கள் பெருகி, வறுமையும் பெருகியபோது, தொண்டுக்கு முறையான பயிற்சி தேவை என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1889-இல் ஜேன் ஆடம்ஸ் அம்மையார் சிகாகோ நகரில், குடிபெயர்ந்து வந்த தொழிலாளர் நடுவே ‘ஹல் ஹவுஸ்’ என்னும் இல்லத்தைத் தொடங்கினார். 1931-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1898-இல் நியூயார்க்கில் தொண்டர்களுக்கான கோடைக்காலப் பயிற்சி தொடங்கியது. அதுவே பின்னர் பல்கலைக்கழகக் கல்வியாக வளர்ந்தது.

நம் நாட்டில் 1936-ஆம் ஆண்டு, பம்பாயில் கிளிபர்டு மான்சார்ட் என்னும் மறைப்பணியாளரின் முயற்சியால், தோரப்ஜி டாட்டா அறக்கட்டளையின் பொருளுதவியோடு முதல் சமூகப் பணிப் பள்ளி தோன்றியது. அதுவே இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். தெருவில் தவிக்கும் சிறுவர்க்கான 1098 தொலைபேசி உதவிச் சேவை, அந்நிறுவனத்தின் களப்பணித் திட்டமாகவே 1996-இல் பிறந்தது என்பது நினைவுகூரத்தக்கது. தமிழகத்தில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் உழைப்பால் 1952-இல் சென்னை சமூகப் பணிப் பள்ளி உருவாயிற்று. லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி போன்ற கத்தோலிக்கக் கல்லூரிகளும் இக்கல்வியை வளர்த்து வந்துள்ளன.

இத்துறை மாணவர் இன்றும் பயிலும் ஏழு நெறிகளை 1957-இல் வகுத்துத் தந்தவர் பீலிக்ஸ் பீஸ்டெக் என்னும் அமெரிக்க இயேசு சபைக் குரு. ஒவ்வொருவரையும் தனித்தன்மை உடையவராகக் காணல், உள்ளத்தைத் திறந்து பேச இடமளித்தல், உணர்ச்சிவசப்படாத பரிவு, உள்ளவாறே ஏற்றல், தீர்ப்பிடாமை, தம் வாழ்வைத் தாமே முடிவு செய்யும் உரிமையை மதித்தல், இரகசியம் காத்தல் ஆகியவையே அவை. உதவி பெறுவோரை வரிசையில் நிறுத்திப் புகைப்படம் எடுக்கும் பழக்கம் மலிந்துள்ள இந்நாளில், இந்நெறிகளை நம் பங்குச் சபைகளும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.

பாஞ்சாலங்குறிச்சியில் காணத்தக்கது எது?

இளங்கலைச் சமூகப் பணி, அதாவது பி.எஸ்.டபிள்யூ., வழக்கமாக மூன்றாண்டுப் படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் எப்பாடப் பிரிவை எடுத்தவரும் சேரலாம். சமூகவியல், உளவியல், குழந்தைகள், பெண்கள், தொழிலாளர் பற்றிய சட்டங்கள், ஆய்வு முறை ஆகியவை வகுப்பறைப் பாடங்கள். ஆனால் இப்படிப்பின் உயிர்நாடி களப்பணியே. வாரத்தில் சில நாட்கள் மருத்துவமனை, முதியோர் இல்லம், பள்ளி, குடிசைப் பகுதி என்று சென்று பணியாற்றி, கண்டதையும் செய்ததையும் எழுதி, ஆசிரியரிடம் காட்டித் திருத்தம் பெற வேண்டும். ஆண்டுக்கொரு முறை கிராம முகாமும் பெரும்பாலான கல்லூரிகளில் உண்டு.

ஒட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சியில் அத்தகைய ஒரு முகாம் நடைபெறுவதாகக் கொள்வோம். 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட வீரபாண்டிய கட்டபொம்மனின் ஊர் அது. 1974-இல் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையைக் காணப் பேருந்துகளில் வரும் மாணவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். சமூகப் பணி மாணவரோ கோட்டையைக் கண்டபின் ஊருக்குள் நடக்க வேண்டும். வானம் பார்த்த கரிசல் நிலத்தில் உளுந்தும் பாசியும் கம்பும் பருத்தியும் விளையும் வட்டாரம் இது. மழை பொய்த்த ஆண்டில் எவ்வீட்டார் வேலை தேடி நகரத்துக்குச் செல்கின்றனர்? குடிநீருக்கு யார் எவ்வளவு தூரம் நடக்கின்றனர்? எத்தெருவில் எச்சாதியார் வாழ்கின்றனர்? ஊர்க்கூட்டத்தில் யார் பேசுகின்றனர், யார் பேசாமல் நிற்கின்றனர்? இவற்றை வீடுவீடாகச் சென்று கேட்டு, ஊரின் வரைபடத்தை மக்களையே தரையில் வரையச் செய்து அறிவது அம்மாணவரின் பாடம். நம் தென்மாவட்டங்களில் சாதியைக் காணாததுபோல் பாவித்துக்கொண்டு எவரும் சமூகப் பணி செய்துவிட முடியாது. நம் பங்குகளுக்கும் இது பொருந்தும் என்பதை மனச்சான்று உள்ளோர் மறுக்கமாட்டார்கள்.

இக்கல்வியின் தேவையை அண்மை நிகழ்வொன்றும் நமக்கு உணர்த்தியது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, மாவட்டமே வெள்ளத்தில் மூழ்கியது. இத்தகைய பேரிடரில் உணவுப் பொட்டலம் ஏந்தி ஓடிவரும் அன்புக் கரங்களுக்கு என்றும் குறைவில்லை. ஆனால் வண்டி நிற்கும் சாலையோரத்தார் இருமுறை பெற, உட்பகுதியில் நடக்க இயலாத முதியவர் ஒருமுறையும் பெறாமல் போகக்கூடும். விடுபட்டவர் யார் என்று கணக்கெடுப்பவரும், நீர் வடிந்தபின் அச்சத்தில் உறங்காத குழந்தையோடு அமர்ந்து பேசுபவரும் தேவைப்படுகின்றனர். அதற்குத்தான் பயிற்சி.

பிழைப்புக்கு வழி உண்டா?

உண்டு, ஆனால் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். மருத்துவமனைகள், குடிநோய் மீட்பு மையங்கள், மாற்றுத் திறனாளிகள் பள்ளிகள், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகங்கள், தொண்டு நிறுவனங்கள், மறைமாவட்டச் சமூக சேவை அமைப்புகள் ஆகியவற்றில் பணி வாய்ப்புகள் உள்ளன. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி அமையும் இளைஞர் நீதிக் குழுமத்தில் நடுவருடன் இரு சமூகப் பணியாளர் அமர்கின்றனர்; அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், பெரிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என விதித்ததால், அங்கும் இப்படிப்பினருக்கு இடம் உண்டு.

எனினும், பொறுப்பு மிக்க பதவிகள் பலவற்றுக்கு எம்.எஸ்.டபிள்யூ. என்னும் முதுகலைப் பட்டம் கேட்கப்படுகிறது. ஆகவே, ஐந்தாண்டுப் பாதையின் முற்பகுதி என்றே இளங்கலையைக் கருதுவது அறிவுடைமை. தொண்டு நிறுவனங்களில் தொடக்க ஊதியம் குறைவாக இருப்பதும், திட்ட நிதி முடிந்தால் வேலையும் முடிவதும் உண்டு. மறுபுறம், எப்பட்டதாரியும் எழுதக்கூடிய அரசுத் தேர்வுகளை இவர்களும் எழுதலாம். சட்டக் கல்விக்கும் செல்லலாம். வீட்டை விட்டு வெளியூர் செல்ல இயலாதவருக்கு, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைநிலையிலும் இப்பட்டத்தை வழங்குகிறது; அங்கும் களப்பணி கட்டாயமே.

கல்லூரியில் சேருமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். பட்டம் அளிக்கும் பல்கலைக்கழகம் முறையான அங்கீகாரம் பெற்றதா? வாரத்தில் எத்தனை நாள் களப்பணி? அதை நேரில் வந்து மேற்பார்வையிடும் ஆசிரியர் உண்டா? களப்பணி பெயரளவில் நடக்கும் இடத்தில் சேருவது, கடலைக் காணாமல் நீச்சல் கற்பதைப் போன்றது.

பெற்றோர்களுக்கு ஒரு சொல்

இரக்கமுள்ள பிள்ளைகள் எல்லாரும் இப்படிப்பை எடுக்க வேண்டும் என்பதில்லை. பிறர் துயரை நாள்தோறும் கேட்டும் மனம் தளராதவராகவும், பாராட்டு வராத இடத்திலும் கடமை தவறாதவராகவும் உங்கள் பிள்ளை இருப்பாரா என்று எண்ணிப் பாருங்கள். ஐயமிருந்தால், விடுமுறையில் ஒரு மாதம் அருகிலுள்ள முதியோர் இல்லத்திலோ, மாலைநேரப் படிப்பு மையத்திலோ பணியாற்ற அனுப்புங்கள். அதன் பிறகும் ஆவல் குறையவில்லையெனில், வழிமறிக்காதீர்கள்.

பசித்தோரிலும் நோயுற்றோரிலும் சிறைப்பட்டோரிலும் தம்மையே காணுமாறு நம் ஆண்டவர் கற்பித்தார். உடல்நோய் தீர்க்கும் மருத்துவரிடம் முறையான படிப்பை எதிர்பார்க்கிறோம். ஒரு குடும்பத்தின் முறிவையும் ஒரு சிறுமியின் எதிர்காலத்தையும் கையிலெடுப்பவரிடம் அதை எதிர்பார்ப்பது எப்படி மிகையாகும்? உப்பளத் தாயின் மகள் மீண்டும் பள்ளிக்குச் செல்ல வேண்டுமாயின், அவ்வீட்டு வாசலில் அமர்ந்து கேட்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் உங்கள் வீட்டிலிருந்தும் செல்லலாமே!