சாம்பலில் முளைக்கும் கிண்ணங்கள்

தீ அவிந்த நிலத்தைப் பாழ்நிலம் என்று நாம் கருதுகிறோம். ஆயினும், மண்ணில் வாழும் சில உயிர்களுக்குத் தீயே வாழ்வின் தொடக்கமாக அமைகின்றது. வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர்கள் தம் வீட்டருகிலேயே காணக்கூடிய ஒரு விந்தையைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

கொல்கத்தாவில் டோல் பூர்ணிமைக்கு முதல் நாள் இரவு, காய்ந்த இலைகளையும் வைக்கோலையும் குவித்துத் தீமூட்டுவர். வங்காளிகள் இதனை நேடாபோடா என்பர். நம் போகித் தீயை நினைவூட்டும் வழக்கம் இது. பின்னர்க் காலபைசாகி என்னும் கோடைப் புயல் மழை பெய்து கரிமண் நனைந்தால், அங்கே ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றக்கூடும். உற்று நோக்கினால் ஒவ்வொன்றும் ஒரு சிற்றகல் போன்றிருக்கும். கிண்ணக் காளான்கள் என்பவை இவையே.

இவை ஏன் எரிந்த மண்ணை நாடுகின்றன? தீயின் வெம்மை மண்ணிலுள்ள பிற நுண்ணுயிர்களை அழித்துவிடுகிறது. சாம்பல் மண்ணின் தன்மையை மாற்றுகிறது. சில இனங்களின் வித்துகளோ வெப்பம் பட்ட பிறகே முளைக்கின்றன. பைரோனீமா என்னும் இனம், நீராவியால் தூய்மை செய்யப்பட்ட நாற்றங்கால் மண்ணிலும் விரைந்து பரவும். எனவே, சாம்பல் மட்டுமே காரணமன்று. போட்டியின்றிக் கிடைக்கும் இடமும் ஒரு காரணம் என்பது தெளிவாகும். மேலும், இவ்வினம் கரியையே உணவாக்க வல்லது என்பதற்கான சான்றுகளைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2021இல் வெளியிட்டனர்.

இனி, இவற்றை இனங்காணும் முறையைப் பார்ப்போம். நிறத்தை மட்டும் நம்பலாகாது. ஆரஞ்சு நிறம் பல இனங்களுக்குப் பொது. பூதக்கண்ணாடி ஒன்று கைவசம் இருத்தல் நலம். கிண்ணங்கள் ஓரிரு மில்லிமீட்டர் அளவினவாய், நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டி, வெண்ணூல் படலத்தின்மீது படர்ந்திருந்தால் பைரோனீமா என ஐயுறலாம். சற்றே பெரியனவாய், விளிம்பிலும் புறத்திலும் பழுப்பு மயிர்க் கற்றைகள் காணப்பட்டால் ஆந்த்ரகோபியாவாக இருக்கலாம். கிண்ணத்தின் உட்பரப்பில் கரும்புள்ளிகள் துருத்தி நின்றால் அஸ்கோபோலஸை எண்ண வேண்டும். முதிர்ந்த வித்துப் பைகளே அப்புள்ளிகள். காம்புடன் மதுக்கிண்ணம் போல் நிற்கும் செம்பழுப்பு ஜியோபிக்சிஸ், மலைநாட்டு ஊசியிலைக் காடுகளுக்கு உரியது.

இவ்வளவும் ஊகமே, முடிவு நுண்ணோக்கியில் கிடைக்கும். கிண்ணத்தின் உட்புறத்தில் நீண்ட பைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் 8 வித்துகள் இருக்கும். வித்தின் வடிவையும் அளவையும் நோக்க வேண்டும். அயோடின் கரைசல் இட்டால் பெசைசா குடும்பத்தில் பைகளின் நுனி நீலமாகும். பைரோனீமாவில் அவ்வாறு ஆகாது.

இத்துறையில் நம் நாட்டு அறிஞர் பணி சிறிதன்று. வங்காளத்தின் மரக்காளான்களைச் சகாயராம் போஸ் பல்லாண்டு ஆராய்ந்தார். முசூரி மலைகளின் கிண்ணக் காளான்களை 1950களில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் கே. எஸ். திண்ட் ஆராய்ந்து எழுதினார். கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹவுராவின் சிப்பூரில், 1787இல் தோன்றிய தாவரவியல் பூங்காவும் அதனைச் சார்ந்த மத்திய தேசிய உலர்தாவரக் காப்பகமும் உள்ளன. அத்தகைய காப்பகங்களில் உள்ள ஒவ்வொரு மாதிரியும் குறிப்புச் சீட்டோடு இருந்தால்தான் பயன்படும்.

ஆகவே, கிண்ணத்தைக் காணும்போது நான்கு செய்திகளை எழுதிவைப்போம்: தீ எரிந்த நாள், எரிந்த பொருள், காளான் தோன்றிய நாள், அருகிலுள்ள மரம். அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்து, சிலவற்றை நிழலில் உலர்த்திக் காகித உறையிலிடுவோம். இவற்றுள் எதனையும் வாயிலிடலாகாது; குழந்தைகளுக்கும் இதனை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். காளானைக் காணும் ஆசையால் குப்பை கொளுத்துவதும் வேண்டா. குளிர்காலத்தில் இந்நகரின் காற்று தாங்கும் புகையே மிகுதி. முன்பே எரிந்த இடங்களை நோக்கினாலே போதும்.

குறிப்பில்லாத காளான் சில நாளில் உலர்ந்து மறையும். தேதியும் இடமும் எழுதப்பட்டதோ, பிற்காலத்தவர் ஆராய்வதற்கு ஒரு சான்றாக நிலைத்திருக்கும்.